தம்பிக்கு முகத்து எலும்பு தடிச்சு கண் நரம்புப் பாதை ஒடுங்கிட்டாம், பார்வை நல்லாத்தான் இருக்கு, ஒப்பரேஷன் செய்யலாமா?

வாவிக்கரை அக்கா (மட்டக்களப்பு):
எல்லாருக்கும் வணக்கம். தெரிஞ்ச ஆக்கள் இருந்தா தயவு செஞ்சு சொல்லுங்க. என்ட தம்பிக்குப் பதினைஞ்சு வயசு, வாற வருசம் ஓஎல் பரீட்சை. சின்னனிலயே இடது பக்க நெத்தியும் கன்ன எலும்பும் மற்றப் பக்கத்த விடக் கொஞ்சம் தூக்கலாத்தான் இருந்த, பிறக்கக்குள்ள நசிபட்டது எண்டு பெத்தா, எங்கட பாட்டி, சொல்லுவா. இப்ப கிட்டடியா அவன் உயர உயர அதுவும் சேந்து வளருது, இடது கண் முன்னுக்கும் கீழுக்கும் தள்ளின மாதிரி கிடக்கு, போட்டோ எடுத்தா நல்லாத் தெரியும், அதால அவன் போட்டோவுக்கே நிக்கிறான் இல்ல. சீரீ ஸ்கேன் எடுத்துப் பாத்து பைப்ரஸ் டிஸ்ப்ளேசியா எண்டு சொல்லிட்டாங்க. கேன்சர் இல்ல எண்டு தெளிவாச் சொன்னாங்க, அந்த மட்டில நிம்மதி.

ஆனா ரிப்போர்ட்டுல இடது கண் நரம்பு போற பாதைய எலும்பு சுத்திவர மூடி ஒடுக்கிட்டு எண்டு எழுதி இருக்கு. கண்ணாடி இல்லாமலே ரெண்டு கண்ணும் 6/6. ஒரு டொக்டர் அந்தப் பாதையத் திறந்து விடணும், விட்டா ஒரு நாளைக்கு கண் போயிரும் எண்டார். இன்னொரு டொக்டர் இப்ப கை வைக்கத் தேவல்ல, கண்ண ஒழுங்காப் பாத்துக்கிட்டு இருப்பம் எண்டார். ரெண்டு பேரும் பெரிய டொக்டர்மார் தான். மாமா உடன செய்யச் சொல்றார், அப்பாக்கு முடிவெடுக்க ஏலாம கிடக்கு, அம்மா மாமாங்கேஸ்வரருக்கு நேத்தி வச்சிட்டு அழுதுட்டு இருக்கா. தம்பி வாயே திறக்கிறான் இல்ல. ஆரும் இந்த வழியால போன ஆக்கள் இருக்கிறீங்களா?

கல்முனை நானா:
தங்கச்சி, அம்மாவ அழ வேணாம் எண்டு சொல்லுங்க. என்ட மகளுக்கும் இதே வருத்தம் தான், அவக்கு வலது பக்கம், மேல் தாடையும் கன்னமும் கண் குழியிட கீழ்த் தட்டும். பல்லு மேல ஏறி இறங்கி வரக்குள்ள தான் பல் டொக்டர் கண்டு பிடிச்ச. நாங்க அம்பாறை, மகியங்கனைப் பாதையால பேராதனை பல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போன, அங்க முகத்தாடை ஒப்பரேஷன் செய்ற சேர் பாத்துட்டு பிள்ளைட வளத்தி முடியட்டும், அதுக்கு முன்னம் சீவினா திரும்ப வளரும் எண்டார். எங்களுக்குப் பொறுக்க ஏலாம தான் இருந்த, பொம்புளப் புள்ள, ஊராக்கள்ட வாய் தெரியும் தானே. ஆனா பொறுத்த. பிறகு தான் எலும்ப சீவி முகத்த ஒழுங்காக்கின, வாயிக்குள்ளால செஞ்ச, வெளிய ஒரு தழும்பும் இல்ல. அல்ஹம்துலில்லாஹ் இப்ப கெம்பஸ் போறா. கண் பார்வைக்கு ஒண்டும் இல்ல, ஆனா வருசா வருசம் கண் கிளினிக் போறத விட்டதே இல்ல.

உங்கட தம்பிக்குச் சொல்றது முகத்த சீவுற ஒப்பரேஷனா, நரம்புப் பாதையத் திறக்கிற ஒப்பரேஷனா? ரெண்டும் வேற வேற. அதத் தெளிவாக் கேளுங்க.

பாசிக்குடாக் காத்து:
நான் மாமாட பக்கம். ஸ்கேன்லயே ஒடுங்கி இருக்கெண்டு தெரியிது, பிறகு என்னத்துக்குப் பாத்துக்கிட்டு இருக்கிற? தண்ணிக் குழாய ஒரு பக்கத்தால நெரிச்சுக்கிட்டு வந்தா ஒரு நேரம் தண்ணி நிக்கத்தானே செய்யும். கண் போன பிறகு திறந்து என்ன பிரயோசனம்? நரம்பு செத்தா திரும்ப வராது எண்டு எல்லா டொக்டரும் சொல்றாங்க. பொடியன் சின்ன வயசு, உடம்பு தாங்கும், நல்லா இருக்கக்குள்ளயே செஞ்சு முடிச்சா வாழ்க்கை முழுக்கப் பயமில்லாம இருக்கலாம். நான் இதச் சும்மா சொல்லல்ல, எங்கட குடும்பத்துல குளுக்கோமாவ, கண் அமுக்கம் கூடி நரம்பு கெடுற வருத்தம், பிறகு பாப்பம் பிறகு பாப்பம் எண்டு விட்டு ஒரு ஆள் ரெண்டு கண்ணும் இல்லாம இருக்கார்.

ஏறாவூர் மச்சான்:
பாசிக்குடாக் காத்து, உங்கட பயம் விளங்குது. ஆனா நான் மறு பக்கத்தக் கண்டவன். என்ட நானாக்கு இதே வருத்தம், இதே கண் நரம்புப் பாதை. ஒப்பரேஷனுக்குப் போன அண்டைக்கு விடிய பேப்பர் வாசிச்சிட்டுப் போன மனுசன். நல்ல கண், ஒரு குறையும் இல்ல, எதிர்காலத்துல வரப் போற ஆபத்துக்காகச் செய்றம் எண்டு சொல்லித்தான் செஞ்ச. எந்த இடம் எண்டு நான் சொல்ல மாட்டன், அவங்க வேணுமெண்டு செஞ்ச இல்ல. கட்ட அவுத்த பிறகு அந்தக் கண்ணுல வெளிச்சம் இருட்டு மட்டும் தான் தெரிஞ்ச, ஸ்டீரொய்ட் ஊசி போட்டாங்க, கொஞ்சம் வந்திச்சு, கை அசையிறது தெரியும், அதுக்கு மேல வரல்ல. இப்ப மோட்டார் சைக்கிள் ஓட்றத விட்டுட்டார், படி இறங்கக்குள்ள கால் தடுமாறும். ஒரு கண்ணால தூரம் மதிக்கிறது லேசில்ல.

என்ட மனசுல கிடக்கிறது ஒண்டே ஒண்டு தான். கையெழுத்து வாங்க முன்னம், நல்லா இருக்கிற கண் இந்த ஒப்பரேஷனாலயே போகலாம் எண்டு எங்களுக்கு விளங்குற மாதிரி ஒருத்தரும் இருந்து சொல்லல்ல. சொல்லி இருந்தா நானா வேற முடிவு எடுத்திருப்பார். தங்கச்சி, நீங்க அதக் கேட்டு எழுதி வாங்கின மாதிரி விளங்கிக்கிட்டுத்தான் கையெழுத்துப் போடணும்.

வாவிக்கரை அக்கா:
நானா, மச்சான், ரெண்டு பேருக்கும் நன்றி. மச்சான் எழுதினத வாசிச்சிட்டு கை கால் ஓடல்ல. எங்களுக்குச் சொன்னது நரம்புப் பாதையத் திறக்கிற ஒப்பரேஷன் தான், முகத்தப் பிறகு பாப்பம் எண்டாங்க. அப்ப பாதை ஒடுங்கி இருக்கக்குள்ள எப்பிடி 6/6 தெரியிது? அது தான் எனக்கு விளங்குதில்ல.

கண் கிளினிக் ஆள் (அம்பாறை மாவட்டம்):
நான் கண் கிளினிக்கில பரிசோதனை எடுக்கிற வேலை பாக்கிறன், டொக்டர் இல்ல. உங்கட தம்பிட பைலைப் பாக்காம அவனுக்கு இது தான் செய்யணும் எண்டு நான் சொல்லக் கூடாது. ஆனா நீங்க கேட்ட கேள்விக்குப் பதில் இருக்கு, ஒவ்வொரு குடும்பமும் வந்து இதே இடத்துல தான் திண்டாடுறாங்க, அதால கொஞ்சம் நீட்டி எழுதுறன்.

இந்த வருத்தத்துல எலும்புக்குள்ள நல்ல எலும்பு உண்டாகாம நாரும் முத்தாத எலும்பும் கலந்து நிரம்பும், அதால எலும்பு ஊதும். ஸ்கேன்ல தேய்ச்ச கண்ணாடி மாதிரி மங்கலாத் தெரியும். காரணம் ஜீஎன்ஏஎஸ் எண்ட ஜீன்ல வாற ஒரு மாற்றம், அது கரு உண்டான பிறகு ஒரு செல்லுல தானா நடக்கிறது. அப்பா அம்மாக்கிட்ட இருந்து வாறதில்ல. வயித்துல இருக்கக்குள்ள அம்மா என்ன சாப்பிட்டா, கிரகணத்துல வெளிய போனாவா எண்ட கதை எதுவும் இதுல வராது, உங்கட அம்மாக்கு இதக் கட்டாயம் சொல்லுங்க, நிறையத் தாய்மார் உள்ளுக்குள்ள தங்களத் தாங்களே குத்தம் சொல்லிக்கிட்டு இருக்காங்க.

கண்ணுல இருந்து மூளைக்குப் போற நரம்பு ஸ்பீனொயிட் எண்ட எலும்புக்குள்ளால ஒரு சின்னச் சுரங்கத்தால போகுது. நீளம் ஒரு சென்ரிமீற்றர் அளவு, அகலம் அதுல பாதி. கண்ணுக்கு ரத்தம் கொண்டு போற நாடியும் அதே சுரங்கத்தால தான் போகுது. முகத்து எலும்புல, மண்டை அடி எலும்புல இந்த வருத்தம் இருக்கிற ஆக்கள்ல நிறையப் பேருக்கு இந்தச் சுரங்கத்தச் சுத்தி வருத்த எலும்பு இருக்கும். படத்தப் பாத்தா எவருக்கும் பயம் வரும், அந்தப் பயத்துல தான் ஒரு காலத்துல பார்வை நல்லா இருக்கக்குள்ளயே திறந்து விடுற வழக்கம் இருந்த.

பிறகு அமெரிக்காவுல மேரிலண்ட், பெதெஸ்டாவுல இருக்கிற தேசிய சுகாதார நிறுவனத்துல இந்த வருத்தக்காரர வச்சு ஒழுங்கா அளந்து பாத்தாங்க, 2002ல நியூ இங்கிலாந்து மருத்துவ இதழ்ல வந்திச்சு. சுரங்கம் ஒடுங்கி இருந்தும் பெரும்பாலான ஆக்களுக்குப் பார்வை சாதாரணமா இருந்த. எலும்பு மெல்ல மெல்ல வளரக்குள்ள நரம்பு அதுக்கு ஈடு குடுத்து இசைஞ்சு போகுது. பாசிக்குடாக் காத்து சொன்ன குழாய்க் கணக்கு இங்க பிழைக்கிறது அதால தான், குழாய்க்குள்ள தண்ணி போகக் குறிப்பிட்ட அகலம் வேணும், நரம்புக்கு நெருக்கம் மட்டும் பிரச்சினை இல்ல, எவ்வளவு வேகமா நெருக்குது, ரத்த ஓட்டம் நிக்குதா எண்டது தான் பிரச்சினை. குளுக்கோமாவோட இத ஒப்பிடுறதும் சரி வராது, குளுக்கோமாவ விட்டா அது பாட்டுக்கு நரம்பத் தின்னும், இது அநேகமான ஆக்களுக்கு வளத்தி முடியக்குள்ள தானா மெதுவாகும்.

மறு பக்கம் அந்தச் சுரங்கத்தத் திறக்கிற ஒப்பரேஷன யோசிங்க. நரம்போட ஒட்டிக் கிடக்கிற எலும்ப ட்ரில் போட்டு அரைக்கணும். ட்ரில் சூடாகும், தண்ணி அடிச்சு அடிச்சுத்தான் அரைப்பாங்க, அப்பிடியும் சூடும் அதிர்வும் நரம்புக்குப் போகும். இந்த வருத்த எலும்பு ரத்தம் நல்லா ஓடுற எலும்பு, அரைக்கக்குள்ள கசிஞ்சுக்கிட்டே இருக்கும். நாடிக்கு ஒரு இழுவை பட்டாலும் கண்ணுக்கு ரத்தம் குறையும். ஏறாவூர் மச்சான்ட நானாக்கு நடந்தது எதால எண்டு நான் சொல்ல ஏலாது, ஆனா நடக்கக் கூடிய விசயம் தான். அதோட திறந்து விட்ட இடத்துல எலும்பு திரும்ப வளரவும் செய்யும், வாழ்க்கை முழுக்கப் பயமில்ல எண்டு சொல்ற மாதிரி இல்ல. 2011ல பல ஆய்வுகளச் சேத்துப் பாத்த ஒரு கட்டுரை வந்திச்சு, பார்வை நல்லா இருக்கக்குள்ள முன்கூட்டியே திறந்த ஆக்கள்ல கிட்டத்தட்ட நாலிலொரு பங்குக்குப் பார்வை குறைஞ்சிருக்கு, திறக்காமப் பாத்துக்கிட்டு இருந்த ஆக்கள்ல பெரும்பாலும் எல்லாருக்கும் பார்வை அப்பிடியே நிண்டிருக்கு. அதே கட்டுரையில, பார்வை குறையத் தொடங்கின பிறகு திறந்த ஆக்கள்ல பாதிக்கு மேல நல்ல பலன் கண்டிருக்காங்க. அப்ப ஒப்பரேஷன் கெட்டதில்ல. எப்ப, ஆருக்கு எண்டது தான் கேள்வி.

என்ட நிலைப்பாடு இது தான். படத்துக்காக ஒப்பரேஷன் செய்யக் கூடாது, கண்ணுக்காகத்தான் செய்யணும். அந்தக் கண்ண அளந்து சொல்லுறதுக்கு 6/6 மட்டும் காணாது, அத அடுத்த முறை எழுதுறன், கிளினிக் தொடங்கப் போகுது.

பாசிக்குடாக் காத்து:
நல்ல விளக்கம். ஆனா ஒரு கேள்வி. பாத்துக்கிட்டு இருக்கிறது எண்டு சொல்றது பெரிய ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துல இருக்கிற ஆக்களுக்குச் சரி. எங்கட ஆக்கள் கிளினிக் திகதிய விட்டா அடுத்தது எப்ப? தோட்டத்துல வேல, கடல்ல வேல, பஸ்சுக்குக் காசில்ல. பாக்காமலே விட்டுட்டா நீங்க சொல்ற பாதுகாப்பு எங்க இருக்கு?

கண் கிளினிக் ஆள் (அம்பாறை மாவட்டம்):
நீங்க கேக்கிறது மிக நியாயமான கேள்வி. பாத்துக்கிட்டு இருக்கிறது எண்டா சும்மா இருக்கிறதில்ல, அதுவே ஒரு வைத்தியம். திகதி விட்டா அந்த வைத்தியமே இல்லாமப் போகும், அந்த நேரம் உங்கட பயம் தான் சரி. அதால குடும்பத்துல ஒரு ஆள் பொறுப்பெடுக்கணும், இந்த விசயத்துல அக்கா இருக்கா எண்டு நினைக்கிறன்.

அக்கா, என்ன என்ன பாக்கணும் எண்டா: தூரத்து எழுத்து வாசிக்கிறது நீங்க சொன்ன 6/6. அது கடைசியாக் கெடுகிற விசயமாக் கூட இருக்கலாம். அதுக்கு முன்னமே நிறம் மங்கும். புள்ளிப் புள்ளியா நிற வட்டம் போட்ட இஷிஹாரா புத்தகம் ஒவ்வொரு கண்ணாலயும் தனித்தனியா வாசிக்க வைக்கணும், ரெண்டு கண்ணும் திறந்து வாசிச்சா நல்ல கண் மற்றதுட குறைய மறைச்சிரும். பிறகு சுத்திவர எவ்வளவு தெரியிது எண்டு பாக்கிற பீல்ட் டெஸ்ட், ஒரு வெள்ளைக் கிண்ணம் மாதிரி மெஷினுக்குள்ள தாடைய வச்சிட்டு நடுப் புள்ளியையே பாத்துக்கிட்டு, அங்கங்க சின்ன வெளிச்சம் மின்னக்குள்ள கையில இருக்கிற பொத்தான அமத்தணும். முதல் தரம் செய்யக்குள்ள எல்லாரும் தடுமாறுவாங்க, தம்பிக்குப் பயப்பட வேணாம் எண்டு சொல்லுங்க, முதல் ரிப்போர்ட் சரி இல்லாட்டி திரும்ப எடுப்பாங்க. பிறகு ஓசீரீ ஸ்கேன், கண்ணுக்குள்ள நரம்பு நார்ப் படை எவ்வளவு தடிப்பு எண்டு மைக்ரோன் கணக்குல காட்டும், ஆள் சொல்றதுல தங்கி இல்லாத கணக்கு அது. டொக்டர் ரோச் அடிச்சு ரெண்டு கண்மணியும் ஒரே மாதிரி சுருங்குதா எண்டும் பாப்பார். இவ்வளவும் ஒரு தரம் எடுத்து கிளினிக் கொப்பியில கிடந்தா அது தான் அடிப்படை, பிறகு வாற ஒவ்வொரு முறையும் அதோட ஒப்பிட்டுத்தான் பேசணும். சாதாரணமா வருசத்துக்கு ஒரு தரம், வளர்ற வயசுல டொக்டர் கூட்டிச் சொன்னா அதையும் கேக்கணும்.

வீட்டுல செய்யக் கூடியதும் ஒண்டு இருக்கு. சிவப்பு மூடி ஒண்ட எடுங்க, சோடாப் போத்தல் மூடி போதும். பகல் வெளிச்சத்துல ஒரு கண்ண உள்ளங்கையால பொத்திட்டு மற்றக் கண்ணால பாக்கச் சொல்லுங்க, பிறகு மாத்தி. ரெண்டுலயும் ஒரே சிவப்பாத் தெரியணும். ஒரு கண்ணுல செங்கல் நிறம் மாதிரி வெளிறித் தெரிஞ்சா கிளினிக் திகதி வரைக்கும் காத்திருக்காதீங்க.

படுவான்கரை மகள்:
காத்திருக்காதீங்க எண்டு சொன்னத நான் பெரிசா எழுதணும் போல கிடக்கு. என்ட தங்கச்சிக்கு இதே வருத்தம், கன காலமா ஒரு பிரச்சினையும் இல்ல. ஒரு நாள் பின்னேரம் வயலால வந்து முகம் கழுவிட்டு அக்கா வலது பக்கம் மூட்டம் போட்ட மாதிரி கிடக்கு எண்டாள். கண்ணுக்குப் பின்னால குத்தும் இருந்த. விடியக்குள்ள அந்தக் கண்ணால என்ட முகமே தெரியல்ல. எங்கட பக்கத்துல இருந்து வாவிய தாண்டி டவுனுக்கு வாறது எவ்வளவு கரைச்சல் எண்டு உங்களுக்குத் தெரியும், பக்கத்து வீட்டு அண்ணன் ஓட்டோவ எடுத்தார், நேரா போதனா வைத்தியசாலை. பழைய ஸ்கேன் சீடி கையோட கொண்டு போன, அது தான் நாங்க செஞ்ச நல்ல வேல. அந்த நாளே ஸ்கேன் எடுத்து, வருத்த எலும்புக்குள்ள ரத்தக் கட்டி ஒண்டு திடீரெண்டு ஊதி நரம்ப அமத்துது எண்டு சொல்லி அம்புலன்சில கொழும்புக்கு அனுப்பின. ஊசி மருந்தும் ஒப்பரேஷனும் உடன நடந்த. முழுசா வரல்ல, ஆனா வாசிப்பாள், தையல் மெஷின்ல நூல் கோப்பாள். நாங்க ஒரு கிழம பாத்துட்டுப் போவம் எண்டு இருந்திருந்தா அந்தக் கண் இல்ல எண்டு டொக்டரே சொன்னவர்.

கண் கிளினிக் ஆள் (அம்பாறை மாவட்டம்):
தங்கச்சிக்கு நடந்தது தான் இந்த வருத்தத்துல உண்மையான அவசரம். எலும்பு தானா வளர்ற வேகம் மெல்ல, ஆனா அதுக்குள்ள ரத்தக் கட்டி வந்தாலோ, மூக்குப் பக்கத்துக் காத்தறையிட வாய் அடைபட்டு உள்ள சளி தேங்கி ஊதினாலோ, மணித்தியாலக் கணக்குல நாள் கணக்குல நரம்ப நெருக்கும். திடீர் மங்கல், கண்ணுக்குப் பின்னால புதுசா ஒரு வலி, கண் திடீரெண்டு முன்னுக்குத் தள்ளுறது, இரட்டையாத் தெரியிறது, இதுல எது வந்தாலும் அந்த நாளே ஆஸ்பத்திரி. அந்த நேரம் ஒப்பரேஷன் வேணாம் எண்டு நிக்கவும் கூடாது. பொறுத்துப் பாக்கிற ஆள் தான் இத மனப்பாடமா வச்சிருக்கணும்.

மருதமுனை வாசகன்:
எங்கட ஊர்ல எலும்பு வருத்தத்துக்கு எண்ணெய் பத்து போடுற பரியாரி ஒருத்தர் இருக்கார், முறிவுக்கு நல்ல கை. அவர்ட்ட காட்டினா என்ன? இல்லாட்டி கரண்ட் வைக்கிறது எண்டு கேன்சருக்குச் செய்றாங்களே, அந்த ரேடியேஷன் குடுத்து எலும்பச் சுருக்க ஏலாதா?

கண் கிளினிக் ஆள் (அம்பாறை மாவட்டம்):
ரேடியேஷன் வேண்டவே வேணாம் சகோதரம். இந்த எலும்பு கேன்சரா மாறுறது மிக அரிது, ரேடியேஷன் குடுத்தா அந்த ஆபத்து கூடும், அதால தான் இதுக்குக் குடுக்கிறதில்ல. பத்து போட்டு முகத்த உருவி அமத்துறதும் வேணாம், கண்ணுக்குப் பக்கத்து எலும்பு. வலி இருந்தா அதுக்கு எலும்புக்குரிய மருந்து டொக்டர்மார் குடுப்பாங்க, அது வலியக் குறைக்கும், ஊதினத வத்த வைக்கும் எண்டு நம்பி எடுக்கக் கூடாது.

கல்முனை நானா:
ஒண்டு விட்டுட்டன். மகள்ட ஒப்பரேஷன் நரம்புக்கிட்டப் போகல்ல, கன்னத்த சீவினது மட்டும் தான், அப்பிடி இருந்தும் அண்டைக்கு ராத்திரி கண்ணத்தான் கவனமாப் பாத்த. முகம் முழுக்க வீங்கி கண் மடல் ரெண்டும் பூட்டினது போல, அவவால திறக்கவே ஏலாது. நேர்ஸ் மிஸ் மணித்தியாலத்துக்கு ஒருக்கா வந்து விரலால மடல விரிச்சு ரோச் அடிச்சு, வெளிச்சம் தெரியிதா மகள், எத்தின விரல் எண்டு கேப்பா. நித்திரையில கிடந்தாலும் எழுப்பித்தான் கேட்ட. எனக்கு அப்ப கோவம், புள்ளய தூங்க விடுறாங்க இல்ல எண்டு. பிறகு சேர் சொன்னார், கண்ணுக்குப் பின்னால ரத்தம் கட்டினா வெளிய தெரியாது, வலி கூடும், கண் கல்லு மாதிரி இறுகும், பார்வை மங்கும், அந்த நேரம் உடன வெட்டி அமுக்கத்தக் குறைக்கணும், காலை வரைக்கும் விட்டாக் கண் போயிரும் எண்டு. அதால ஆருக்கும் கண் குழிக்குப் பக்கத்துல எந்த ஒப்பரேஷன் நடந்தாலும் துணைக்கு நிக்கிற ஆள் முழிச்சு இருக்கணும், வலி கூடுது எண்டு பிள்ள சொன்னா கூச்சப்படாம நேர்ஸக் கூப்பிடணும்.

பிறகு கொஞ்ச நாள் மேல பாக்கக்குள்ள ரெண்டு ரெண்டாத் தெரிஞ்ச அவக்கு. கண் இருந்த இடம் மாறினா தசை பழக நாள் எடுக்கும் எண்டாங்க, சரியாப் போன. கண்ணீர் வழியிறது மட்டும் இன்னும் கொஞ்சம் இருக்கு, மூக்குக்குப் போற கண்ணீர்க் குழாய் ஒடுக்கமாம்.

அக்கரைப்பற்று டீச்சர்:
பதினைஞ்சு வயசுப் பிள்ளை வாய் திறக்கிறான் இல்ல எண்டு அக்கா எழுதினது எனக்கு மனசுல நிண்டுட்டு. இந்த இழையில எல்லாரும் கண்ணப் பத்திப் பேசுறம், அவனுக்கு முகம் தான் பெரிசா இருக்கும். வகுப்புல என்ன பேர் வச்சுக் கூப்பிடுறாங்க எண்டு மெல்லக் கேட்டுப் பாருங்க, கட்டாயம் ஒரு பேர் இருக்கும். வகுப்பாசிரியர்ட்ட நீங்களே போய் வருத்தத்தின்ட பேரையும் இது தொத்தாது எண்டதையும் சொல்லுங்க, ஆசிரியருக்கு விசயம் தெரிஞ்சா அந்தப் பேர நிப்பாட்ட ஏலும். நான் என்ட வகுப்புல ஒரு பிள்ளைக்கு அப்பிடி நிப்பாட்டினன். கிறிக்கட், கால்பந்து கேட்டு விளையாடட்டும், முழுசா வீட்டுக்குள்ள அடைச்சு வைக்காதீங்க, ஆனா முகத்துல பந்து படுற விளையாட்டு எது எண்டு டொக்டர்ட்ட கேட்டுக்கொள்ளுங்க. நாளைக்குப் பார்வையில ஏதும் குறை வந்தாலும் பரீட்சைத் திணைக்களத்துக்கு மருத்துவ அறிக்கையோட நேரத்துக்கு விண்ணப்பிச்சா மேலதிக நேரம் மாதிரி உதவி கேக்கலாம், பாடசாலை மூலமாத்தான் போகணும், கடைசி மாசத்துல ஓடக் கூடாது.

இன்னொண்டு, டொக்டரோட பேசக்குள்ள அவன வெளிய நிக்க வைக்காதீங்க.

வாவிக்கரை அக்கா:
டீச்சர், கேட்டன். பேர் இருக்கு. இங்க எழுத மாட்டன். வகுப்பாசிரியர்ட்ட நானே போய் வந்துட்டன், நல்ல மனுசி.

எல்லாருக்கும் ஒரு உதவி கேக்கணும். கொழும்பு தேசிய கண் ஆஸ்பத்திரிக்கும் தேசிய வைத்தியசாலைக்கும் கடிதம் தந்திருக்காங்க, இன்னொரு அபிப்பிராயம் எடுக்கிறதுக்கு. எனக்குச் சிங்களம் கடைக்குப் போய் வாற அளவுக்குத்தான் தெரியும். என்ன கொண்டு போகணும், என்ன கேக்கணும்?

படுவான்கரை மகள்:
இரவுக் கோச்சியில போனா விடியக் கொழும்புல இறங்கலாம், பஸ்ஸ விட அவனுக்கு நித்திரை கிடைக்கும். ஸ்கேன் சீடி, பிலிம், ரிப்போர்ட், கிளினிக் கொப்பி எல்லாம் ஒரு பைல்ல. ரிப்போர்ட் போட்டோக் கொப்பியும் ஒண்டு, சில நேரம் அங்க வாங்கி வச்சிருவாங்க. சிங்களம் தெரிஞ்ச ஆள் ஒருத்தர் கூடப் போனா நல்லம், ஆனா வார்ட்டுல தமிழ் தெரிஞ்ச நேர்ஸ், டொக்டர் எண்டு கேட்டா பெரும்பாலும் ஆரையும் கூப்பிட்டுத் தருவாங்க, கேக்க வெக்கப்படாதீங்க கா. ஓம் ஓம் எண்டு தலையாட்டிட்டு மட்டும் வந்துராதீங்க.

கண் கிளினிக் ஆள் (அம்பாறை மாவட்டம்):
கேக்க வேண்டியத எழுதிக் கொண்டு போங்க. இப்ப நரம்பு சேதப்பட்டதுக்கு ஏதாவது அறிகுறி பரிசோதனையில இருக்கா, இல்லையா. இல்ல எண்டா இப்ப ஏன் திறக்கணும். திறக்காட்டி எத்தின மாசத்துக்கு ஒருக்கா எந்தப் பரிசோதனை. எது மாறினா திறக்கிறது எண்டு முடிவெடுப்பீங்க. திறக்கிறதா இருந்தா மூக்குக்குள்ளால கமரா போட்டுச் செய்வீங்களா, மண்டையத் திறந்து செய்வீங்களா, இந்த வருத்தத்துக்கு இத முன்னம் செஞ்சிருக்கிறீங்களா. கண், மூளை, முகத்தாடை, மூக்கு டொக்டர்மார் ஒண்டா இருந்து பேசுவாங்களா. நல்ல டொக்டர் இந்தக் கேள்வியளுக்குக் கோவிக்க மாட்டார்.

முக்கியமா ஹோர்மோன் கேளுங்க. தம்பிட உடம்புல எங்கயாவது பால்தேத்தண்ணி நிறத்துல பெரிய மச்சம் மாதிரி படை இருக்கா? வயசுக்கு மீறி உயரமா, கை கால் பெரிசா? இந்த வருத்தம் சில பேருக்கு ஹோர்மோன் சுரப்பியளோடயும் சேந்து வரும், மக்கியூன் அல்பிரைட் எண்டு சொல்லுவாங்க. அதுல வளர்ச்சி ஹோர்மோன் கூடச் சுரந்தா முகத்து எலும்பு வேகமா வளரும், கண் நரம்பு பாதிக்கப்படுற ஆபத்தும் கூடும். அத நேரத்துக்குக் கண்டு பிடிச்சு மருந்து குடுத்தா கண்ணக் காப்பாத்த ஏலும். ட்ரில்லால செய்ய நினைக்கிறத சில நேரம் ஊசி மருந்தால செய்யலாம், அதால தான் நான் இத இவ்வளவு வற்புறுத்துறன்.

ஏறாவூர் மச்சான்:
இந்தக் கேள்வியள் அண்டைக்கு எங்கட கையில இருந்திருக்கணும். தங்கச்சி, கொழும்புல எங்கட நானா நிக்கிறார், மருதானைப் பக்கம். சிங்களம் நல்லாப் பேசுவார். அவர்ட்ட கேட்டன், கிளினிக் நாளைக்கு உங்களோட வாறன் எண்டார். தனி மெசேஜ்ல நம்பர் அனுப்பி இருக்கன்.

வாவிக்கரை அக்கா:
போய் வந்துட்டம். மச்சான், உங்கட நானா விடிய இருந்து பின்னேரம் வரைக்கும் எங்களோட நிண்டார், ஒரு கண்ணோட அந்தப் படி எல்லாம் ஏறி இறங்கி. அப்பா அவர்ர கையப் பிடிச்சுக்கிட்டே நிண்டார்.

இஷிஹாரா ரெண்டு கண்ணும் தனித்தனியாச் சரி. பீல்ட் டெஸ்ட் முதல் தரம் பொத்தான எல்லாத்துக்கும் அமத்திட்டான், திரும்ப எடுத்தது நல்லா வந்திருக்கு. ஓசீரீயில ரெண்டு பக்கமும் பெரிய வித்தியாசம் இல்ல. டொக்டர் பெரியவர், அமைதியாப் பேசினார், ஸ்கேன ஸ்கிறீன்ல போட்டு தம்பிட்ட நேரா காட்டினார், இது தான் உன்ட நரம்பு, சுத்திவர எலும்பு, ஆனா கண்ணுக்குள்ள பாத்தா நரம்பு நல்ல நிறத்துல இருக்கு எண்டு. தம்பி வாயத் திறந்தான் கா. நான் எப்ப சேர் நோமலா வருவன் எண்டு கேட்டான். அவர் வளத்தி நிண்ட பிறகு நெத்தியையும் கன்னத்தையும் சீவி ஒழுங்காக்கலாம், அதுக்கு முன்னம் செஞ்சா உனக்கு ரெண்டு தரம் வலி எண்டார். அவன் சரி எண்டான். எங்கள ஒருத்தரையும் பாக்கல்ல, அவனே சரி எண்டான்.

நரம்புப் பாதைய இப்ப திறக்கிறதில்ல எண்டு முடிவு. முதல் வருசம் ஆறு மாசத்துக்கு ஒருக்கா மட்டக்களப்புலயே கண் பரிசோதனை, மாறினா உடன கொழும்பு. எது மாறினா எண்டு கொப்பியிலயே எழுதித் தந்திருக்கார். மாமா இன்னும் முழுசா ஒத்துக்கொள்ளல்ல, ஆனா சிவப்பு மூடிய அவர் தான் தேடி எடுத்துத் தந்தார். முதுகுல பால்தேத்தண்ணி நிறப் படை ஒண்டு இருக்கு, நாங்க மச்சம் எண்டு தான் நினைச்ச. அதால ஹோர்மோன் டெஸ்ட்டுக்கு எழுதி இருக்காங்க, குளுக்கோஸ் குடிக்கிற டெஸ்ட் ஒண்டும் அதுல இருக்கு. அதுக்கு வெறும் வயித்தோட போகணுமா?

கண் கிளினிக் ஆள் (அம்பாறை மாவட்டம்):
குளுக்கோஸ் டெஸ்ட்டுக்கு ஓம், அது வளர்ச்சி ஹோர்மோன் கூடச் சுரக்குதா எண்டு பாக்கிறது, ராத்திரிச் சாப்பாட்டோட நிப்பாட்டி விடிய வெறும் வயித்தோட போகணும், தண்ணி குடிக்கலாம். முதல் ரத்தம் எடுத்துட்டு குளுக்கோஸ் குடுப்பாங்க, பிறகு இடைக்கிட ரெண்டு மணித்தியாலம் வரைக்கும் திரும்பத் திரும்ப எடுப்பாங்க, அது வரைக்கும் அங்கயே இருக்கணும். கையில ஊசிக் குழாய் ஒண்டு போட்டு விட்டா ஒவ்வொரு முறையும் குத்தத் தேவல்ல, கேட்டுப் பாருங்க. ஐஜீஎப் வண் எண்டு அதே ஹோர்மோனுக்குப் பாக்கிற இன்னொரு ரத்த டெஸ்ட் எழுதி இருப்பாங்க, அதுக்குப் பட்டினி தேவல்ல, அதே நாள் எடுத்துரலாம். முடியக்குள்ள பசியில சோந்து போவான், சாப்பாடு கட்டிக்கிட்டுப் போங்க. ரிசல்ட் வந்தா இங்க போடுங்க.